அமைச்சர் சேக்கிழார்

கோலார் தங்க வயலில் வாழும் நமக்குக் கோலார் நகரம் தொலைவான ஊரன்று. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வழிதான். அங்குள்ள கோலாரம்மன் கோயிலுக்கு நம்மில் பலர் சென்று வழிபட்டிருப்போம். அம்மனை வணங்கி வெளிவரும்போது சற்றே நின்று நோக்கினால், அக்கோயிற் கற்களில் பழந்தமிழ் எழுத்துக்கள் வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். அவை சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள். அந்நாளில் கோலாருக்குக் குவளாலம் என்று பெயர். அதனைச் சூழ்ந்த நிலப்பகுதி குவளால நாடு. அது நிகரிலி சோழ மண்டலத்தின் ஒரு பகுதி. முதலாம் இராசராசன் காலத்தில் கங்கநாடு சோழர் ஆட்சிக்கு உட்பட்டது. 1116ஆம் ஆண்டளவில் போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் தலைக்காட்டைக் கைப்பற்றும் வரையில், ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சோழர் ஆணை இப்பகுதியில் நடைபெற்றது.

நாமோ 1880ஆம் ஆண்டுக்குப் பின் சுரங்க வேலை நாடி, வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடியேறியவர்களின் வழியினர். நம் பாட்டனார் தலையில் மூட்டையோடு மாரிகுப்பத்தில் வந்து இறங்குவதற்கு ஏறத்தாழ 850 ஆண்டுகளுக்கு முன்னரே, தமிழ் எழுத்து இந்த மண்ணுக்கு வந்து கல்லில் அமர்ந்துவிட்டது.

அந்த எழுத்தைக் கொண்டுவந்தவர் யார்? மன்னர் என்று சொல்லி நாம் அமைந்துவிடுகிறோம். மன்னன் ஆணையிட்டது உண்மை. ஆனால் ஆணை வாயிலிருந்து கல்லுக்குச் சென்று சேரும் வழி நெடியது. மன்னன் திருவாய் மலர்ந்ததைக் கேட்டுத் திருமந்திர ஓலை எழுதுவோர் எழுதுவர். திருமந்திர ஓலைநாயகம் அதனை ஒப்பு நோக்கிக் கையெழுத்திடுவார். புரவுவரித் திணைக்களத்தார் வரிப்பொத்தகத்தில் பதிந்துகொள்வர். அதன் பின்னரே ஓலை ஊருக்குச் செல்லும்; ஊரார் முன்னிலையில் படிக்கப்பெறும்; கல்லில் ஏறும். மூவேந்தவேளான், பிரமராயன், பல்லவராயன் என்னும் பட்டங்களைத் தாங்கிய அதிகாரிகள் நூற்றுக்கணக்கானோர் இவ்வாறு சோழப் பேரரசைத் தம் எழுத்தாணி முனையில் தாங்கி நின்றனர். அவருட் பெரும்பாலோர் இன்று நமக்கு வெறும் பெயர்கள். அவர் எதை எண்ணினர், எதற்கு இரங்கினர் என்று கல் சொல்வதில்லை.

அவ்வரிசையில் தோன்றிய ஒருவர் மட்டும் தம் உள்ளத்தை முழுமையாக நமக்கு விட்டுச் சென்றார். அவரே பெரிய புராணம் பாடிய சேக்கிழார். அவரைப் பக்திப் புலவராக நாம் அனைவரும் அறிவோம். அவர் ஓர் அரசாங்க அதிகாரியாக வாழ்ந்தவர் என்பதையும், அந்த வாழ்க்கை அவர் நூலில் எவ்வாறு கலந்திருக்கின்றது என்பதையும் இன்று சிறிது சிந்திப்போம்.

சேக்கிழாருடைய வரலாற்றை நமக்கு விரிவாகச் சொல்வது உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கருதப்படும் சேக்கிழார் புராணம். உமாபதியார் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர். சேக்கிழாருக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் சென்றுவிட்டன. ஆகவே அவர் கூறுவனவற்றை நேரிற் கண்டார் கூற்றாகக் கொள்ளாமல், மரபு போற்றிவந்த செய்தியாகக் கொள்வதே பொருந்தும்.

அம்மரபின்படி, தொண்டை நாட்டுப் புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரில் வேளாண் குடியில் அவர் பிறந்தார். இன்று சென்னைக்கு அருகில் இருக்கும் குன்றத்தூரே அது. சேக்கிழார் என்பது குடிப்பெயர், இயற்பெயர் அருண்மொழித்தேவர். தம்பியின் பெயர் பாலறாவாயர். அருண்மொழித்தேவரின் கல்வியையும் பண்பையும் கேள்வியுற்ற சோழ மன்னன் அநபாயன் அவரை அழைத்து அமைச்சராக்கி, உத்தம சோழப் பல்லவர் என்னும் பட்டமும் அளித்தான். அநபாயன் என்பான் 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாம் குலோத்துங்கன் என்பது அறிஞர் பலரின் துணிபு. நாம் வாழும் இந்தப் பகுதி அதற்குள் சோழர் கையை விட்டு நீங்கிவிட்டது. புது நாடுகளை வெல்லும் வேகம் தணிந்து, உள்ள நாட்டைப் பேணும் காலமாக அவன் ஆட்சி அமைந்தது.

கல்வெட்டுச் சான்று உண்டா எனின், திருமழபாடிக் கோயிற் கல்வெட்டு ஒன்று குன்றத்தூர்ச் சேக்கிழான் மாதேவடிகள் இராமதேவனான உத்தம சோழப் பல்லவராயன் என்பானைக் குறிக்கின்றது. அவரே நம் புலவரோ, அக்குடியிற் பிறந்த மற்றோர் அதிகாரியோ என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒன்று மட்டும் தெளிவு: குன்றத்தூர்ச் சேக்கிழார் குடி சோழ அரசாங்கத்தில் உயர் பணி புரிந்த குடி.

அமைச்சர் தம் செல்வாக்கினால் முதலிற் செய்த அறம் சிறியது. சோழ நாட்டுத் திருநாகேச்சரத்தில் அவருக்குப் பெரும் ஈடுபாடு. அலுவலின் பொருட்டு ஊர் திரும்பினால் அத்தலத்தைப் பிரிய வேண்டுமே என்று கருதி, தம் பிறந்த ஊராகிய குன்றத்தூரிலேயே திருநாகேச்சரம் என்னும் பெயரால் ஒரு கோயிலை எழுப்பினார். அக்கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கின்றது. ஊர் விட்டு ஊர் வந்தவர் தாம் விட்டு வந்த தெய்வத்தைப் புது இடத்தில் நிறுவிக்கொள்ளும் ஆவல் நமக்குப் புதியதன்று. இங்குள்ள லைன்கள்தோறும் நம் முன்னோர் எழுப்பிய சிறு கோயில்களே அதற்குச் சான்று.

அவர் ஆற்றிய அடுத்த செயல் அவருடைய வாழ்க்கையையே மாற்றியது. மன்னன் சீவக சிந்தாமணியைச் சுவைத்துக் கேட்பதில் ஆழ்ந்திருந்தான். அதனைக் கண்ட அமைச்சர், சிவனடியார் வரலாறுகளை எடுத்துக் கூறி அரசன் உள்ளத்தை அவற்றின்பால் திருப்பினார் என்று உமாபதியார் கூறுகின்றார். சமயப் போட்டி மிகுந்திருந்த காலத்தின் குரல் இச்செய்தியில் ஒலிக்கின்றது. சிந்தாமணியை 1887இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து அளித்தபின், சமண சைவ வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் அதனைத் தம் செல்வமாகவே போற்றி வருகின்றோம். ஆதலின் அந்நூலின் குறையை ஆராய்வது இங்கு வேண்டுவதன்று. அமைச்சர் ஒருவர், தம் மன்னன் விரும்பும் ஒன்றை விரும்புவதாக நடிக்காமல் தம் கருத்தை அவன் முகத்துக்கு நேரே உரைத்தார் என்பதே நாம் கொள்ள வேண்டியது. மன்னனும் சினவாமல், அவ்வரலாறுகளை நீரே காவியமாகச் செய்து தருக என்று வேண்டிப் பொருளும் கொடுத்துத் தில்லைக்கு அனுப்பினான்.

தில்லையில் 'உலகெலாம்' என்னும் சொல் இறைவன் அருளால் அவருக்கு முதலாகக் கிடைத்தது என்பது மரபு. 63 தனியடியாரும் 9 தொகையடியாரும் பொருளாக, 2 காண்டங்களும் 13 சருக்கங்களும் 4,200க்கும் மேற்பட்ட பாடல்களும் கொண்டு நூல் நிறைவுற்றது. சித்திரைத் திருவாதிரையில் தொடங்கிய அரங்கேற்றம் மறு ஆண்டுச் சித்திரைத் திருவாதிரையில் முடிந்தது. மன்னன் நூலையும் ஆசிரியரையும் யானைமேல் ஏற்றித் தானும் உடன் அமர்ந்து கவரி வீசினான். நேற்று வரை மன்னன் முன் கைகட்டி நின்றவர் இருக்கையில் அமர, மன்னன் பணியாளனாகிக் கவரி ஏந்தினான். 'தொண்டர்சீர் பரவுவார்' என்னும் பெயரும் சூட்டினான்.

அதன் பின் சேக்கிழார் அலுவலுக்குத் திரும்பவில்லை. அமைச்சுப் பொறுப்பு தம்பி பாலறாவாயரைச் சேர்ந்தது. புகழின் உச்சியில் நின்ற அதிகாரி தில்லையிலேயே தங்கித் தம் எஞ்சிய நாட்களைக் கழித்தார்.

ஏறத்தாழ அதே காலத்தில் மேலை நாடாகிய இங்கிலாந்திலும் இத்தகையோர் இருந்தனர். அங்கே எழுத்தறிவு பெரும்பாலும் திருச்சபையாரிடமே இருந்தமையால், அரசாங்க எழுத்து வேலைகளைச் சமயத் துறையினரே பார்த்தனர். இரண்டாம் ஹென்றி மன்னன் 1155இல் தாமஸ் பெக்கெட் என்பாரைத் தன் ஓலைநாயகமாக அமர்த்தினான். 1162இல் அவரைக் காண்டர்பரித் தலைமைப் பேராயர் ஆக்கினான். பெக்கெட் உடனே அரச பதவியை உதறினார், மன்னனோடு மாறுபட்டார், 1170இல் தம் பேராலயத்துக்குள்ளேயே வெட்டுண்டு இறந்தார். அதே மன்னனிடம் பொருளாளராய் இருந்த ரிச்சர்டு பிட்ஸ்நீல் பின்னர் இலண்டன் பேராயரானார். அவர் ஒரு நூல் எழுதினார். கட்டம் போட்ட துணியை மேசையில் விரித்துக் காசுகளை அடுக்கிக் கணக்குப் பார்க்கும் முறையை ஆசிரியனும் மாணவனும் உரையாடுவதாக விளக்கும் நூல் அது. அரசாங்கம் எவ்வாறு நடந்தது என்பதை அறிய இன்றும் அறிஞர் அதனை நாடுகின்றனர்.

மூவரும் அரசுப் பணியும் சமய வாழ்வும் ஒருங்கே கண்டவர்கள். ஒருவர் அதிகாரத்தோடு மோதி மாய்ந்தார். ஒருவர் அதிகாரத்தின் கணக்கை எழுதிவைத்தார். நம் சேக்கிழாரோ தம் அலுவலைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. ஆயினும் அலுவலிற் பழகிய கையும் கண்ணும் அவர் நூல் முழுவதும் வேலை செய்கின்றன.

எவ்வாறு எனக் காண்போம். அவருக்கு முன் சுந்தரர் பாடிய திருத்தொண்டத் தொகை 11 பாடல்களே உடையது. அதில் ஓர் அடியாருக்கு ஓர் அடி, சிலருக்கு ஒரு தொடர். நம்பியாண்டார் நம்பி இயற்றிய அந்தாதி அதனினும் சற்று விரிந்தது. சேக்கிழார் ஒவ்வோர் அடியாருக்கும் நாடு எது, ஊர் எது, குடி எது, செய்த தொழில் யாது என்று முறையாக நிறுத்திப் பின்பே வரலாறு தொடங்குகின்றார். கல்வெட்டில் ஒருவரைக் குறிக்கும் முறையும் இதுவே: மண்டலம், கோட்டம், ஊர், பெயர். வரிப்பொத்தகத்தில் நிலத்தைப் பதியும் முறையால் அவர் அடியாரைப் பதிகின்றார். நாடெங்கும் சுற்றி ஊர் ஊராகக் கண்ட அதிகாரிக்கே இந்த நுணுக்கம் வாய்க்கும்.

அப்பதிவேட்டில் இடம்பெற்றவர் யாவர்? மட்கலம் வனையும் திருநீலகண்டர், துணி வெளுக்கும் திருக்குறிப்புத் தொண்டர், கடலில் மீன்பிடிக்கும் அதிபத்தர், செக்காட்டும் கலியர், தறி நெய்யும் நேசர், மாடு மேய்க்கும் ஆனாயர், வேட்டையாடும் கண்ணப்பர். அரசாங்க ஏட்டில் இவர்கள் பெயர் வருமாயின் வரி கட்ட வேண்டியவராகவே வரும். சேக்கிழார் ஏட்டில் இவர்கள் காவியத் தலைவர்கள். சேர சோழ பாண்டியர்க்குரிய அதே வரிசையில், அதே யாப்பில், அதே பெருமிதத்தோடு இவர்கள் நிற்கின்றனர்.

திருநாளைப்போவார் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். நந்தனார் என்று நாம் போற்றும் அவருக்குச் சுந்தரர் அளித்தது ஒரு சிறு தொடர். சேக்கிழார் 30க்கும் மேற்பட்ட பாடல்கள் அளிக்கின்றார். ஆதனூரின் புலைப்பாடியைக் காட்டும்போது, விலகி நின்று பார்ப்பவர் எழுத முடியாத காட்சிகளை அவர் எழுதுகின்றார். உழத்தி தன் குழந்தையைச் சிறு தோலின்மேல் மருத மரத்து நிழலில் உறங்க வைக்கின்றாள். மாமரத்தில் பறைகள் தொங்குகின்றன. புதைத்த பானையின் நிழலில் கோழி அடைகாக்கின்றது. இரும்புக் காப்பு அணிந்த கருஞ்சிறுவர் நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றனர். எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பேரரசின் அமைச்சர் அச்சேரிக்குள் சென்று, நின்று, கண்கொண்டு நோக்கியிருக்கின்றார் என்பதற்கு இப்பாடல்களே சாட்சி.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. நந்தனார் தில்லையில் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே கோயில் வாயில் அவருக்குத் திறந்தது என்று சேக்கிழார் பாடுகின்றார். அவ்விடத்தைப் படிக்கும்போது இன்று நம் நெஞ்சு வருந்துகின்றது, வருந்துவதே முறை. காலத்தின் வேலியை அவர் முற்றும் தாண்டவில்லை. ஆனால் நந்தனாரைக் கொடுமைப்படுத்தும் நிலக்கிழாராகிய வேதியர் சேக்கிழார் நூலில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருட்டிண பாரதியார் சேர்த்த பாத்திரம் அது. நாடகத்திலும் திரைப்படத்திலும் நாம் கண்ட நந்தனாரிலிருந்து, தம் தொழிலைத் தாமே செய்து, கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் யாழுக்கு நரம்பும் கொடுத்து நிமிர்ந்து வாழும் சேக்கிழாரின் நந்தனார் வேறானவர்.

இனி, அதிகாரிகளைப் பற்றி அந்த அதிகாரி என்ன சொல்கின்றார்? நூலின் தொடக்கத்திலேயே மனுநீதி சோழன் வரலாறு வருகின்றது. இளவரசன் தேர்க்காலில் கன்று மடிந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அமைச்சர்கள், கழுவாய் செய்தால் போதும் என்று மன்னனுக்கு எளிய வழி காட்டுகின்றனர். என் மகனுக்கு ஒரு நீதியும் பிறனுக்கு ஒரு நீதியுமா என்று மன்னன் அதனை மறுக்கின்றான். பின்பு ஓர் அமைச்சனை அழைத்து, இளவரசன்மேல் தேரைச் செலுத்துமாறு ஏவுகின்றான். இங்கே நம் ஆசிரியர் ஒரு கணம் நிற்கின்றார். அந்த அமைச்சன் ஆணையை மறுக்கவும் இல்லை, நிறைவேற்றவும் இல்லை, தன் உயிரைத் துறக்கின்றான். மன்னனே தேரைச் செலுத்துகின்றான். இறுதியில் இறைவன் அருளால் கன்றும் இளவரசனும் எழும்போது, அந்த அமைச்சனும் எழுகின்றான்.

இக்கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது நாம் பசுவையும் மன்னனையும் சொல்லி, அமைச்சனை விட்டுவிடுகின்றோம். சேக்கிழார் விடவில்லை. ஆணைக்கும் மனச்சான்றுக்கும் இடையில் அகப்பட்ட பணியாளனின் துயரத்தை, அமைச்சராக இருந்தவரன்றி வேறு யார் நினைவில் வைப்பார்?

சிறுத்தொண்டர் வரலாறும் அத்தகையது. வாதாவியை அழித்து வென்ற படைத்தலைவர் அவர். அவர் சிவனடியார் என்பதை அறிந்த மன்னன், இத்தகையவரைப் போர்முனைக்கு விடுத்தேனே என்று வருந்தி, நிதி கொடுத்துப் பணியினின்றும் விடுவிக்கின்றான். அவர் தம் ஊராகிய திருச்செங்காட்டங்குடிக்குத் திரும்புகின்றார். மன்னன் அன்போடு விடை கொடுக்க, அதிகாரத்தை இறக்கிவைத்துவிட்டுச் செல்லும் அந்தக் காட்சியைப் பாடியபோது, தம் நாளும் அவ்வாறு வரும் என்று சேக்கிழார் எண்ணினாரோ, நாம் அறியோம். வந்தது மட்டும் உண்மை.

தில்லைப் பேரம்பலத்துக்கு அநபாயன் பொன் வேய்ந்ததைச் சேக்கிழார் தம் பாயிரத்திலேயே போற்றுகின்றார். அந்த மன்னனின் பேரரசு 13ஆம் நூற்றாண்டில் முடிவுற்றது. அமைச்சர் ஓலையில் எழுதியதோ பன்னிரண்டாம் திருமுறையாயிற்று. அவருக்கு அடுத்த தலைமுறையிலேயே, இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் கோயிலில், அடியார் வரலாறுகள் பெயர் எழுத்துக்களோடு சிற்பங்களாக வரிசையாய் அமைந்தன. குயவரும் வண்ணாரும் வேடரும் அரச கோயிலின் சுவரில் இடம்பெற்றனர்.

நேயர்களே, பொன்னைப் பற்றி நமக்கு எவரும் சொல்ல வேண்டுவதில்லை. இந்த வயலில் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேற்பட்ட பொன் எடுக்கப்பட்டதாகக் கணக்குக் கூறுவர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் நம்மவர் 3 கிலோமீட்டருக்கும் ஆழமாகப் பூமிக்குள் இறங்கினர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று நம் இளைஞர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இருட்டிய பின் திரும்புகின்றனர். எந்த ஆண்டில் எத்தனை அவுன்சு பொன் என்பதற்கு ஏடு இருக்கின்றது. இறங்கியவர் எந்த நாட்டார், எந்த ஊரார், என்ன தொழில் செய்தார், எதற்குச் சிரித்தார், எதற்கு அழுதார் என்பதற்கு ஏடு எங்கே?

சேக்கிழார் நமக்குக் காட்டும் வழி எளியது. ஒரு குறிப்பேடு எடுத்துக்கொள்வோம். நம் பாட்டனார் பெயர், அவர் புறப்பட்ட ஊர், வந்த ஆண்டு, இருந்த லைன், இறங்கிய சுரங்கம், செய்த வேலை, பாட்டி வீட்டு வாயிலில் வளர்த்த செடி வரை, கேட்டறிந்து தமிழில் எழுதி வைப்போம். சொல்லக்கூடிய முதியோர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். நாளை இருப்பர் என்று உறுதி கூற இயலாது. கோலார்க் கோயிலின் கல்லில் அதிகாரிகளின் பெயர்கள் நிற்கின்றன. உழைத்தோர் பெயரை எழுதும் பணி நம் கையில் இருக்கின்றது.